மச்சானிடம் எந்த லைற் மீற்றரைக் கொண்டுவரச் சொல்வது?

கொக்குவிலில் இருந்து ஒரு தம்பி போன வாரம் வீட்டுக்கு வந்தான். கையில் பெரியப்பாவின் யாஷிக்கா மற் 124 ஜி கமெரா. பெரியப்பா காலமான பிறகு அலுமாரியைத் துப்புரவாக்கும்போது கிடைத்ததாம். லென்ஸ் சுத்தம், ஷட்டர் ஒழுங்காக அடிக்கிறது. வெளிச்சத்தை அளக்க உள்ளே இருக்கும் மீற்றரின் முள் மட்டும் அசைவதில்லை. நல்லூர்த் திருவிழாவுக்கு ரொறன்ரோவில் இருந்து மச்சான் வருகிறார், சூட்கேசில் கொஞ்சம் இடம் இருக்கிறது. "அண்ணை, பாவிச்ச லைற் மீற்றர் ஒண்டு வாங்கிவரச் சொல்லப்போறன். எதைச் சொல்ல?"

இரண்டு தரம் தேத்தண்ணி குடித்து முடியும் வரை அதைத்தான் கதைத்தோம். அன்று சொன்னதையும் சொல்ல மறந்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

அந்தக் கமெராவில் ஒரு 120 பிலிமுக்கு 12 படம்தான். பிலிம் யாழ்ப்பாணத்துக்கு வந்து சேர்வதற்குள் அதன் விலை எங்கேயோ போய்விடுகிறது. அதனால் குத்துமதிப்பாக அடித்துப் பார்ப்போம் என்ற பேச்சுக்கு இடமில்லை. ஆனால் மீற்றருக்குக் காசைக் கொட்டுவதற்கு முன், அது இல்லாமலே சமாளிக்கலாமா என்று ஒருமுறை யோசிக்க வேண்டும்.

வாங்காமல் விட்டால்

பழைய பிலிம் பெட்டிகளின் உட்பக்கத்தில் அச்சடித்திருந்த கணக்கு எல்லாருக்கும் தெரியும். நல்ல வெயிலென்றால் அப்பேச்சர், அதாவது லென்ஸின் திறப்பு, எப் 16. ஷட்டர் வேகம் பிலிமின் ஐ.எஸ்.ஓ. எண்ணுக்கு, அதாவது பிலிம் வெளிச்சத்தை எவ்வளவு உணரும் என்று சொல்லும் எண்ணுக்கு, கிட்ட. ஐ.எஸ்.ஓ. 100 பிலிமுக்கு 1/125 செக்கன். மண்டைதீவுப் பாலத்தடியில் காலை ஒன்பது மணிக்கு வள்ளத்தைப் படமெடுக்க இது தாராளமாகப் போதும்.

ஆட்களைப் படமெடுக்கும்போதுதான் இந்தக் கணக்கு எங்களூரில் காலை வாருகிறது. யாழ்ப்பாணம் இருப்பது வடக்கே ஒன்பதே முக்கால் பாகைக்குச் சற்றுக் கீழே. ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஆகஸ்ட் கடைசியிலும் மத்தியானச் சூரியன் சரியாக உச்சந்தலைக்கு மேலே நிற்கும். ஒன்று சித்திரைப் புத்தாண்டு, மற்றது பெரும்பாலும் நல்லூர்த் திருவிழாக் காலம். நாங்கள் கமெராவைத் தூக்கும் நாட்களும் அவைதான். அப்போது வெயில் நெற்றியிலும் மூக்கிலும் தோளிலும் விழும், கண்குழி இருண்டுபோகும். தரைக்கு எப் 16 சரி. முகத்துக்கு அதைவிடக் குறைந்தது ஒரு ஸ்ரொப், அதாவது இரண்டு மடங்கு வெளிச்சம், கூடத் திறக்க வேண்டும். எவ்வளவு கூட என்பது காலடியில் இருப்பது வெள்ளை மணலா தார் வீதியா என்பதைப் பொறுத்தது. மணலென்றால் கீழிருந்தும் வெளிச்சம் எறிக்கும்.

இரண்டாவது வழி கைபேசி. கமெராவை நீட்டினால் அளவு சொல்லும் செயலிகள் இலவசமாகவே இருக்கின்றன. தம்பியிடம் முதலில் இதைத்தான் சொன்னேன்: மச்சான் வரும்வரைக்கும் போனை வைத்து இரண்டு ரோல் அடி. அளவு மோசமில்லை, நிழலிலும் வீட்டுக்குள்ளும் நம்பலாம். எனக்கு அதில் இரண்டு மனக்குறை. மத்தியான வெயிலில் திரையைப் பார்க்க ஒரு கையால் மறைக்க வேண்டும், மற்றக் கையில் கமெரா, பிறகு போனைப் பிடிக்க மூன்றாவது கை எங்கே? அடுத்தது, போனின் கமெரா அளப்பது பொருளில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தை. இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எந்த மீற்றர் என்ற கேள்வியில் பாதி இதற்குள்தான் கிடக்கிறது.

திரும்பும் வெளிச்சத்தை அளக்கும் மீற்றருக்கு வெள்ளை, கறுப்பு தெரியாது. தனக்கு முன்னால் இருப்பது எல்லாமே நடுத்தரச் சாம்பல் என்று நினைத்துக்கொண்டு கணக்குப் போடும். பொது நூலகத்தின் வெள்ளைச் சுவருக்கு நேரே பிடித்தால் சுவரைச் சாம்பலாக்கும் அளவைத் தரும். திருவிழாவில் வெள்ளை வேட்டி கட்டி மேலுக்கு ஒன்றும் போடாமல் நிற்கும் ஆட்களுக்கு நேரே பிடித்தால், வேட்டி கூடுதலாக அகப்பட்டால் ஒரு அளவு, உடம்பு கூடுதலாக அகப்பட்டால் இன்னொரு அளவு. நிற்பது அதே ஆள், அதே வெயில்.

வெள்ளைக் குமிழ் வைத்த மீற்றர் வேறு வழியில் வேலை செய்கிறது. அது ஆளைப் பார்ப்பதில்லை, ஆளின்மேல் விழும் வெளிச்சத்தைப் பார்க்கிறது. அரைக்கோளமாக இருக்கும் அந்தக் குமிழை 1930களின் கடைசியில் டொன் நோர்வூட் என்ற அமெரிக்கர் கொண்டுவந்தார். முகமும் ஒரு உருண்டைதானே, அதில் வெளிச்சம் விழுவதுபோலவே குமிழிலும் விழட்டும் என்ற யோசனை. முகத்தடியில் பிடித்துக் குமிழைக் கமெராப் பக்கம் திருப்பினால், மேலே சொன்ன உச்சி வெயில் கணக்கை அது தானாகவே பார்த்துக்கொள்ளும். வேட்டி எவ்வளவு, உடம்பு எவ்வளவு என்ற கவலையும் இல்லை. எங்களூர் வெயிலில் ஆட்களைப் படமெடுக்கிறவனுக்குக் குமிழ் உள்ள மீற்றர்தான் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தம்பி எடுக்க ஆசைப்படுவதும் ஆட்களைத்தான்.

பற்றரி கேட்காத மீற்றர்

பாவித்த மீற்றர்களில் மலிவாகவும் வடிவாகவும் இருப்பவை செலீனியம் மீற்றர்கள். வெஸ்ரன் மாஸ்ரர், சோவியத்தின் லெனின்கிராட், செகோனிக்கின் எல் 398 எல்லாம் இந்தச் சாதி. வெளிச்சம் பட்டால் செலீனியத் தகடே மின்சாரம் தரும், அதில் முள் அசையும். பற்றரி என்ற பேச்சே இல்லை.

எனக்கு முதல் கிடைத்த மீற்றரும் வெஸ்ரன்தான். பட்டணத்தில் பழைய ஸ்ரூடியோ ஒன்றைப் பூட்டும்போது, இருட்டறைச் சாமான் ஏதும் இருக்குமா என்று கேட்டுப் போயிருந்தேன். ஐயா மேசை லாச்சியைத் திறந்து, தோல் உறையோடு அதை எடுத்து வைத்தார். "இது பற்றரி கேக்காது தம்பி. அதாலதான் அந்த நாளில இது மட்டும் ஓடினது." 1990களில் குடாநாட்டுக்குள் பற்றரி கொண்டுவரத் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோச் செய்தி கேட்ட காலம். அந்தக் காலத்தைக் கடந்து வந்த மீற்றர் என்றவுடன் எனக்கு விலை கேட்கவே கூச்சமாகப் போய்விட்டது.

கனமான சாமான், உள்ளங்கைக்குள் நன்றாக அடங்கும். பின்பக்கத்தில் கூடு கூடாகக் கண்ணாடி. அதன்மேல் துளைகளுள்ள ஒரு மூடி, கதவுபோலத் திறந்து மூடும். வெயிலென்றால் மூட வேண்டும், வெளிச்சம் குறைந்தால் திறக்க வேண்டும். திறந்தவுடன் முன்பக்கத்து எண் தட்டும் தானாக மாறும். அந்தக் காலத்து ஆட்களின் மூளைக்கு ஒரு கும்பிடு.

வீட்டுக்கு வந்து, விறாந்தையில் வைத்துச் சோதித்தேன். முற்றத்துச் சீமெந்துச் சுவர் ஒரே நிறம், ஒரே வெளிச்சம். டிஜிற்றல் கமெராவையும் மீற்றரையும் அதற்கு நேரே பிடித்து ஒப்பிட்டேன். வீட்டுக்குள் இருந்த சுவரில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. வேப்பமர நிழலில் மீற்றர் அரை ஸ்ரொப் குறைத்துச் சொன்னது. முற்றத்து வெயிலில் ஒன்றரை ஸ்ரொப் குறைவு. தகடு களைத்துவிட்டது. செலீனியத்துக்கு எதிரி ஈரம், எங்களூரிலோ ஈரத்தோடு உப்புக் காற்றும் சேர்ந்துவிடும். அந்த மீற்றர் இப்போது என் மேசையில் கடதாசி பறக்காமல் இருக்கப் பாரம் வைக்க உதவுகிறது.

எங்கே பிடித்தாலும் ஒரே அளவு பிழைத்தால் அந்த மீற்றரைத் தாராளமாக வாங்கலாம். எப்போதும் ஒரு ஸ்ரொப் குறைத்துச் சொல்கிறதா? ஐ.எஸ்.ஓ. எண்ணை இரண்டு மடங்காக்கி வைத்துவிட்டால் கணக்கு நேராகிவிடும். வெயிலில் ஒரு பொய், நிழலில் இன்னொரு பொய் சொல்கிற மீற்றரை ஒரு எண்ணாலும் திருத்த முடியாது. அரைவிலைக்குத் தந்தாலும் வேண்டாம்.

வெஸ்ரன் வாங்கியே தீருவேன் என்கிறவர்களுக்கு இரண்டு விஷயம். குமிழுக்குப் பதிலாக அதற்கு இன்வர்கோன் என்ற வெள்ளைத் துண்டு தனியாக வந்தது. பாவித்த மீற்றர்களோடு அது வருவது அபூர்வம், எல்லா மாடலுக்கும் ஒரே துண்டு பொருந்தவும் மாட்டாது. மற்றது, மாஸ்ரர் 2இல் இருப்பது வெஸ்ரனின் சொந்தப் பிலிம் எண். ஐ.எஸ்.ஓ. 100 பிலிமுக்கு அதில் 80 வைக்க வேண்டும்.

செகோனிக் எல் 398இல் குமிழ் கூடவே இருக்கிறது, தலையைத் திருப்பலாம், பெரிய முள், பெரிய தட்டு. வெயிலில் ஒரு சிறு துளைத்தகட்டை மேலே செருகி, சிவப்பு எச் குறியில் கணக்குப் பார்க்க வேண்டும். அந்தத் தகடு இல்லாமல் விற்பனைக்கு வந்தால் யாழ்ப்பாண வெயிலில் முள் மறுகரையில் போய் முட்டிக்கொண்டு நிற்கும், ஆகவே படத்தில் தகடும் இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். அடியில் அதன் எல்லை ஐ.எஸ்.ஓ. 100க்கு ஈ.வி. 4 (ஈ.வி. என்பது வெளிச்சத்தின் அளவு எண், ஒன்று குறைந்தால் வெளிச்சம் பாதி). அதாவது வீட்டுக்குள் இரவு லைற்றோடு அதன் பாடு முடிந்துவிடும், கோயில் உள்வீதித் தூண்டாமணி விளக்கு வெளிச்சத்தில் அதைக் கேட்காதீர்கள். பின்னால் வந்த எல் 398ஏயில் செலீனியத்துக்குப் பதில் வேறு வகைத் தகடு போட்டார்கள். முள் வைத்த மீற்றர்தான் வேண்டும் என்றால் என் தெரிவு அந்த ஏதான்.

பற்றரியே பிரச்சினையான மீற்றர்

கோசன் லூனாசிக்ஸ் 3 பற்றி இணையத்தில் எல்லாரும் புகழ்ந்து எழுதியிருப்பார்கள். நிலா வெளிச்சத்தையும் அளக்கும், குமிழும் உண்டு, ஜேர்மன் சாமான், விலையும் குறைவு. தம்பி முதலில் காட்டியதும் அதைத்தான்.

அதற்குப் போடுவது பி.எக்ஸ். 625 என்ற பாதரசப் பற்றரி இரண்டு. 1.35 வோல்ற், கடைசிவரை அசையாமல் நிற்கும். பாதரசம் நஞ்சு என்று 1990களில் நாடு நாடாக அதை நிறுத்தினார்கள். அதே அளவில் இப்போது கிடைக்கும் அல்கலைன் 1.5 வோல்ற்றில் தொடங்கி மெல்ல மெல்ல இறங்கும். வோல்ற் கூடினால் மீற்றர் வெளிச்சம் கூட என்று நினைத்து அளவைக் குறைக்கும், படம் இருண்டுபோகும். காது கேட்கும் கருவிக்குப் போடுகிற 675 பற்றரி 1.4 வோல்ற், கிட்டத்தட்டச் சரி. அது சிறியது என்பதால் சுற்றி ஒரு வளையம் வேண்டும். ஆஸ்பத்திரி வீதிப் பாமசிகளில் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் ஸ்ரிக்கரை உரித்துக் காற்றுப் பட்ட நிமிடத்தில் இருந்து அது சாகத் தொடங்கிவிடும், நீங்கள் அளந்தாலும் அளக்காவிட்டாலும்.

இதோடு லூனாசிக்ஸ் 3க்குள் இருக்கும் கட்மியம் வகைத் தகட்டுக்கு ஞாபகசக்தி வேறு. வெயிலைப் பார்த்துவிட்டு நிழலுக்கு வந்தால் கொஞ்சநேரம் வெயிலையே நினைத்துக்கொண்டிருக்கும். தம்பியின் யாஷிக்காவுக்குள் செத்துக் கிடப்பதும் இதே தகடு, இதே பற்றரிதான். ஒரே நோயை இரண்டாம் தரமும் காசு கொடுத்து வாங்குவானேன்?

மணிக்கூட்டுப் பற்றரி

நான் இப்போது பாவிப்பது மினோல்ரா ஓட்டோ மீற்றர் 4 எப். ஐந்தாறு வருடத்துக்கு முன் இலண்டனில் இருந்து ஒரு சொந்தக்காரர் கொண்டுவந்தது. போடுவது ஒரேயொரு பென்ரோர்ச் பற்றரி. சுவர் மணிக்கூட்டுக்குப் போடுவோமே, அதேதான். நெடுந்தீவில் நிற்கும்போது பற்றரி முடிந்தால்கூட முதல் பெட்டிக்கடையில் கிடைக்கும். உள்ளே சிலிக்கன் தகடு, ஞாபகசக்தி இல்லை, ஈரத்துக்கும் அவ்வளவு பயமில்லை. ஸ்ரூடியோ பிளாஷையும் அளக்கும்.

இதே குடும்பத்தில் செகோனிக் எல் 308 இன்னும் சின்னது, சேட்டுப் பொக்கெற்றில் போடலாம். அதற்கும் ஒரு பென்ரோர்ச் பற்றரிதான். குமிழைப் பக்கவாட்டில் தள்ளினால் திரும்பும் வெளிச்சத்தையும் அளக்கும். ஐ.எஸ்.ஓ. 100க்கு ஈ.வி. 0 வரை இறங்கும், அதனால் விளக்கு வெளிச்சத்துக்கும் பயமில்லை. மினோல்ரா அதைவிட இரண்டு படி கீழே போகும், ஆனால் ஆள் பெரியவர், சேட்டுப் பொக்கெற்றில் போட்டால் ஒருபக்கம் தொங்கும். கோசனே வேண்டும் என்றால் லூனாசிக்ஸ் எப். பெயர் ஒன்றானாலும் உள்ளே சிலிக்கன், போடுவது சதுர 9 வோல்ற் பற்றரி, ரேடியோத் திருத்துகிற எந்தக் கடையிலும் உண்டு. சி.ஆர். 2032 நாணயப் பற்றரி போடுகிற கோசன் டிஜிசிக்ஸ், செகோனிக் எல் 208 போன்றவையும் பரவாயில்லை, மணிக்கூடு திருத்துகிறவரிடம் பற்றரி வாங்கலாம்.

இந்த வகையில் பழுது வேறு இடத்தில் ஒளிந்திருக்கும். முதலில் பற்றரி மூடியைத் திறந்து படம் கேட்க வேண்டும். வில்லில் வெள்ளைப் பொடியோ பச்சைப் பாசியோ இருந்தால் யாரோ பற்றரியோடு பத்து வருடம் அலுமாரிக்குள் போட்டிருந்திருக்கிறார்கள். மெல்லியதாக இருந்தால் தேசிக்காய்ச் சாற்றைப் பஞ்சில் தொட்டுத் துடைக்கலாம். உள்ளே இறங்கியிருந்தால் விட்டுவிடுங்கள். அடுத்தது திரை. எண்கள் பாதியாகத் தெரிகிறதா, ஓரத்தில் மை கொட்டியதுபோலக் கறுத்திருக்கிறதா? அதற்கு மாற்றுத்திரை தேடி அலைய உங்களுக்கு வயது போதாது. குமிழ் மஞ்சளித்திருந்தாலும் வேண்டாம்.

ஒரு சிறு புள்ளியை மட்டும் அளக்கும் ஸ்பொட் மீற்றர்களும் உண்டு, பென்ராக்ஸ், மினோல்ரா இரண்டும் பேர்போனவை. கோட்டைச் சுவரின் நிழல் எவ்வளவு, வெயில் பட்ட கல் எவ்வளவு என்று தனித்தனியாக அளந்து, பிலிமைத் தானே கழுவுகிற பொறுமைசாலிகளுக்கு அது. விலை மற்றவற்றைவிட மேலே நிற்கும். முதல் மீற்றராக அதை வாங்குவது சைக்கிள் பழகக் கார் வாங்குவதுபோல.

கண்ணால் காணாத சாமானைச் சோதிப்பது

இணையத்தில் விற்கிறவர்கள் "சோதிக்கவில்லை" என்று எழுதினால், சோதித்துப் பார்த்தார்கள், வேலை செய்யவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். ஒருமுறை நம்பி வாங்கி, பற்றரி போட்டவுடன் திரையில் எட்டு எட்டாக வந்து நின்றது. திருப்பி அனுப்பும் செலவு மீற்றரைவிடக் கூட.

மச்சான் கையில் சாமான் போன அன்றே வீடியோக் கோல் எடுக்க வேண்டும். மச்சானுக்கு அப்பேச்சர் தெரிய வேண்டிய அவசியமில்லை. முள் மீற்றரென்றால் தகட்டைக் கையால் பொத்தச் சொல்லுங்கள், முள் சரியாகப் பூச்சியத்துக்கு வர வேண்டும். வராவிட்டால் அதற்கென்று ஒரு சிறு திருகாணி இருக்கும், பயமில்லை. பிறகு மேசைவிளக்கில் இருந்து ஓரடியில் ஒரு தரம், இரண்டடியில் ஒரு தரம் பிடிக்கச் சொல்லுங்கள். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் கால்வாசி, மீற்றர் இரண்டு ஸ்ரொப் இறங்க வேண்டும். அறையின் மற்ற லைற்றுகளை அணைத்துவிட்டுச் செய்தால் கிட்டத்தட்டச் சரியாக வரும். இரண்டுக்குப் பதில் அரை ஸ்ரொப் இறங்கினால் விற்றவரோடு சண்டை பிடிக்க இன்னும் நாளிருக்கிறது.

இங்கே வந்த பிறகு காலை பத்து மணிபோல, முகில் இல்லாத வானத்தில் குமிழைச் சூரியனுக்கு நேரே திருப்பிப் பாருங்கள். ஐ.எஸ்.ஓ. 100, 1/125க்கு எப் 16இன் பக்கத்தில் நிற்க வேண்டும். மூன்றில் ஒரு ஸ்ரொப் அங்கால் இங்கால் இருந்தால் கவலைப்படாதீர்கள். மினோல்ராவும் செகோனிக்கும் அளவுகோலை வைப்பதிலேயே சின்ன வித்தியாசம் உண்டு.

பாவிக்கும்போது எல்லாரும் விடும் பிழை ஒன்று. குருநகர்க் கரையில் வெயிலில் நின்றுகொண்டு, வாடி நிழலில் வலை பொத்துகிறவரைப் படமெடுப்பார்கள். மீற்றரை வெயிலிலேயே பிடித்து அளப்பார்கள். ஆளுக்குக் கிட்டப் போக முடிந்தால் போங்கள். முடியாவிட்டால் நீங்களும் ஒரு நிழலைத் தேடிக் குமிழை அதற்குள் பிடியுங்கள். கடலுக்குள் நிற்கும் வள்ளத்துக்குப் போக வேண்டியதில்லை, உங்கள்மேல் விழும் வெயில்தான் அதன்மேலும் விழுகிறது. மஞ்சள் பில்ரர் போட்டால் ஒரு ஸ்ரொப்பைக் கூட்டுவது உங்கள் பொறுப்பு. கையில் இருக்கும் மீற்றருக்கு லென்ஸில் என்ன மாட்டியிருக்கிறது என்று தெரியாது.

கடைசியில் தம்பி என் முன்னாலேயே மச்சானுக்குச் செய்தி அடித்தான். எல் 308, இல்லாவிட்டால் மினோல்ரா 4 எப். பற்றரி மூடியைத் திறந்த படமும், திரை எரிகிற படமும் இல்லாமல் காசு கட்ட வேண்டாம். இரண்டும் கிடைக்காவிட்டால் வேறொன்றும் வாங்க வேண்டாம், போனை வைத்துச் சமாளிக்கிறேன். அனுப்பிய பிறகுதான் ஞாபகம் வந்து இன்னொரு வரி சேர்க்கச் சொன்னேன்: சூட்கேசில் வைக்க முன் பற்றரியைக் கழற்றிவிடுங்கோ அத்தான்.

"அத்தானில்லை அண்ணை, எனக்கு அவர் மச்சான்" என்று திருத்தினான்.